எழுதி வாங்கிக்கொள்



பழைய மாணவி ஒருத்தி போனில் கேட்டாள்: "சார், ஆபீஸில் எதற்கெடுத்தாலும் 'கெட் இட் இன் ரைட்டிங்' என்கிறார்கள். 'ரைட் இட்' என்றால் போதாதா?"

போதாதம்மா. 'ரைட் இட்' என்றால் நீயே எழுதுவது. 'கெட் இட் இன் ரைட்டிங்' என்றால், வாக்குக் கொடுத்தவரிடமிருந்து எழுத்தில் வாங்கிக்கொள்வது. கொடுப்பவர் 'புட்' செய்கிறார், வாங்குபவர் 'கெட்' செய்கிறார். சம்பளம் கூட்டித் தருகிறோம் என்று மேலதிகாரி வாயால் சொன்னால், "குட் யூ ப்ளீஸ் புட் தட் இன் ரைட்டிங்?" என்று கேட்கலாம். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

நமக்கும் இது புதிதல்ல. பெரியபுராணத்தில் சுந்தரரின் கல்யாணத்துக்குக் கிழவராக வந்த சிவபெருமான், "நீ என் அடிமை" என்று சொன்னதோடு நிற்கவில்லை, ஓலையைக் காட்டினார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்தார். கிழிந்தது படி ஓலைதான். மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர் சபையில் வெளியே வந்தது. பாட்டனாரின் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள். கடவுளே நகல் எடுத்து வைத்திருந்தார்!

1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் பொதுவாகச் செல்லும். ஆனால் பேசியது இன்னதுதான் என்று எப்படி நிரூபிப்பது?

வெளியாரிடம் கேட்டுவிடுவோம். சொந்தத்தில்தான் நாக்கு எழாது. "என் மேல் நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டுவிடுவார்களே!

எனக்குத் தெரிந்த அண்ணன் தம்பி இருவர். தம்பி கடை வைக்க அண்ணன் பணம் கொடுத்தார். கடனா, கடையில் பங்கா என்பது அவர்கள் இருவருக்கும் தெரியும். இருவரும் இப்போது இல்லை. ஒரு வீட்டில் கடன் என்கிறார்கள், மறு வீட்டில் பங்கு என்கிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் அப்பா சொன்னதாக நினைவில் இருப்பதைச் சொல்கிறார்கள். ஒரு வீட்டு விசேஷத்துக்கு மறு வீட்டார் போவதில்லை.

எழுதுவது சந்தேகத்தால் அல்ல. மனிதர் போய்விடுவார், நினைவு மாறிவிடும். தொகை, தேதி, எதற்காக, எப்போது திருப்புவது, இருவர் கையெழுத்து, ஆளுக்கொரு நகல். அரைப்பக்கம் போதும். உங்கள் வீட்டிலும் வாய்ச்சொல்லாக நிற்கிற கணக்கு இருந்தால், பெரியவர்கள் இருக்கும்போதே உட்கார்ந்து எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் இங்கிலீஷ் வாத்தியார்