நாஷ்வில்லில் ஒரு மதியம்

நாஷ்வில் என்றால் நம்மில் பலருக்குப் பிள்ளையார் கோயில்தான் ஞாபகம் வரும். தரிசனம் முடிந்ததும் காரை வீட்டுக்குத் திருப்பிவிடுவோம். அடுத்த தடவை ஒரு மதியம் ஒதுக்கி, பிள்ளைகளோடு லோயர் பிராட்வே தெருவுக்குப் போங்க. பகலிலேயே போயிடுங்க. இருட்டினால் குடிக்கிற கூட்டம் ஏறிடும், பல இடங்களில் 21 வயது ஆகாதவர்களை உள்ளே விட மாட்டாங்க.

போகும் வழியில் ஆலன் ஜாக்சனின் 'சேசின் தட் நியான் ரெயின்போ' பாட்டைப் போடுங்க. 1990-இல் வந்த கன்ட்ரி ஹிட். பேரும் காசும் தேடி, பார் பாராகப் பாடித் திரிகிற ஒருத்தனின் கதை. பாட்டில் வரும் ரேடியோ நிஜம். அவருடைய அப்பா ஒரு போட்டியில் ஜெயித்தது. ஆனால் ஜாக்சன் இந்த ஊருக்கு வந்ததும் பார்த்தது டிவி கம்பெனி ஒன்றில் தபால் பிரிக்கும் வேலை. அதற்கு முன், விமானப் பணிப்பெண்ணாக இருந்த அவர் மனைவி டெனிஸ், அட்லாண்டா ஏர்போர்ட்டில் பாடகர் கிளென் கேம்பலைப் பார்த்து, தயங்காமல் போய் யோசனை கேட்டிருக்கிறார். எனக்கு அந்தப் பாட்டை விட இந்தக் கதைதான் பிடிக்கும்.

இன்று அதே பிராட்வேயில் ஜாக்சனுக்குச் சொந்தமாக ஒரு பார் இருக்கிறது. பிள்ளைகள் அதைப் போட்டோ எடுக்கட்டும். நீங்க பக்கத்துக் கடைகளின் ஜன்னலைக் காட்டுங்க. மேடை ஜன்னலோரம்தான். தெருவுக்கு முதுகைக் காட்டியபடி மணிக்கணக்காக வாசிப்பாங்க. பெரும்பாலும் நுழைவுக் கட்டணம் கிடையாது. நடுவில் ஒரு பக்கெட் சுற்றி வரும், அதில் விழுவதுதான் அவங்க வருமானத்தில் பெரிய பங்கு.

என் மகளுக்கு 13 வயசு, கிட்டார் பைத்தியம். 'படிப்பு முதல்ல, பாட்டெல்லாம் சைடுல' என்று என் அப்பா எனக்குச் சொன்னதை நானும் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்த சமயம் அது. இடைவேளையில் அவளே போய் ஒரு கிட்டார்காரரிடம் பேசினாள். நாளைக்குக் காலையில் டெலிவரி வேன் ஓட்டணும் என்றாராம்.

"அப்போ அவரோட வேலை எதுப்பா, வேனா கிட்டாரா?" என்றாள் காரில்.

"அவர்கிட்டயே கேட்டிருக்கலாமே" என்றேன்.

"கேட்டேன். சிரிச்சாரு."

போறவங்க சில்லறையாக 1 டாலர், 5 டாலர் நோட்டுகள் எடுத்துட்டுப் போங்க. பிள்ளைகள் கையாலேயே பக்கெட்டில் போடச் சொல்லுங்க.