கெடாவும் கடையும்

போன மாசி மாதம் அம்மா போன் பண்ணினாள். "பயலுக்கு மொட்டை எடுத்துக் காது குத்தணும்ல. ஒன் பேர்ல கெடா வெட்டணும். ரூபா அனுப்பு, இப்பவே சொல்லி வெச்சாத்தான் நல்ல கெடாயா கெடைக்கும்."

நான் கறி சாப்பிடுவதை நிறுத்தி ஆறு வருஷமாகிறது. பெங்களூரில் இதெல்லாம் யாருக்கும் ஒரு விஷயமே இல்லை. விஸ்வநத்தத்தில் அப்படியில்லை. "பொங்கல் மட்டும் வெச்சா போதாதாம்மா? இந்தக் காலத்துல போய்..." என்று ஆரம்பித்தேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஒங்க அப்பத்தா இருந்திருந்தா இத அவகிட்டச் சொல்லியிருப்பியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

சொல்லியிருக்க மாட்டேன். ஏனென்றால் அப்பத்தாவிடம் இதே வாக்கியத்தை ஒருமுறை அரசாங்கமே சொல்லியிருந்தது.

2003. எனக்குப் பதிமூணு வயது. அந்த வருஷ ஆரம்பத்தில் அப்பா வேலை பார்த்த பட்டாசு ஆபீஸில் மருந்து கலக்கும் ரூமில் தீப்பிடித்தது. (எங்கள் பக்கம் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான்.) ரெண்டு கையும் நெஞ்சும் வெந்துபோய் அப்பா மதுரையில் நாற்பது நாள் கிடந்தார். அப்பத்தா கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்டாள்: மகன் பிழைத்து வந்தால் ஒரு கெடா. அப்பா பிழைத்து வந்தார். தீப்பெட்டி ஒட்டிச் சேர்த்த காசில் அப்பத்தா ஒரு குட்டி வாங்கி வளர்த்தாள். ஆவணியில் வெட்ட நாள் குறித்தாயிற்று.

அந்த ஆகஸ்டில்தான் ஜெயலலிதா அரசின் உத்தரவு வந்தது. கோயில்களில் ஆடு, கோழி பலியிடக் கூடாது, மீறினால் வழக்கு. பூசாரியை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு எழுதி வாங்கிக்கொண்டார்கள். கோயிலிலும் அதன் வளாகத்திலும்தான் தடை. அதே கெடாவைக் கறிக்கடையில் கொடுத்தால் பிரச்சினையே இல்லை. அப்பத்தாவுக்கு இதுதான் விளங்கவில்லை. "கடையில வெட்டுனா கறி, சாமிக்கு வெட்டுனா கொலையாய்யா?" என்று என்னிடம் கேட்டாள். வீட்டில் அதிகம் படித்தவன் நான், எட்டாம் வகுப்பு. எனக்கும் பதில் தெரியவில்லை.

அந்த உத்தரவு புதுச் சட்டமல்ல என்பது காலேஜ் முடித்த பிறகுதான் தெரிந்தது. 1950-ஆம் வருஷத்து மதராஸ் விலங்குகள், பறவைகள் பலித் தடைச் சட்டத்தைத்தான் தூசு தட்டி எடுத்திருந்தார்கள். அந்த வருஷம் மதராஸின் முதல்வர் யாரென்று தேடினேன். எங்கள் ஊரிலிருந்து முப்பது சொச்சம் கிலோமீட்டரில் இருக்கிற ராஜபாளையத்துக்காரர்: பூ.ச. குமாரசுவாமி ராஜா.

விருதுநகர் மாவட்டத்து முதல்வர் என்றால் எல்லோரும் காமராஜரைச் சொல்வார்கள். அவருக்கு முன்னாலேயே இந்த மண்ணிலிருந்து ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். 1898-இல் பிறந்தவர். காந்தியின் பின்னால் போனவர். 1937 தேர்தலில் மதராஸ் சட்டசபைக்குப் போனார். 1949 ஏப்ரலில் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் விலகியபோது, காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜரின் ஆதரவோடு பதவிக்கு வந்தார். 1952 வரை மூன்று வருஷம். பலித் தடைச் சட்டமும், 1951-இன் இந்து அறநிலையச் சட்டமும் அவர் ஆட்சியில் வந்தவை. வயது வந்த எல்லோரும் ஓட்டுப் போட்ட முதல் பொதுத்தேர்தலில், அரிசித் தட்டுப்பாட்டுக் காலத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில் முதல்வரே தோற்றார். பிறகு 1954 முதல் 56 வரை ஒரிசா கவர்னர். 1957-இல் இறந்தார். ராஜபாளையத்தில் இருந்த தன் வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார்.

அந்த மன்றத்துக்கு ஒருமுறை போயிருக்கிறேன். கோபத்தோடுதான் போனேன். ஆனால் வீட்டையே கொடுத்துவிட்ட மனிதரிடம் எவ்வளவு நேரம் கோபப்பட முடியும்? பலித் தடையை அந்தத் தலைமுறை பிற்போக்கு என்று நினைக்கவில்லை. சீர்திருத்தம் என்றே நினைத்தது. உயிர்க்கொலை கூடாது, குடி கூடாது, ஆடம்பரம் கூடாது. தங்களுக்கு வைத்துக்கொண்ட அதே அளவுகோலை ஊருக்கும் வைத்தார்கள். தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது என்று நினைக்கிறேன். அவர் தன் வீட்டைக் கொடுத்தது அவர் விரதம். அப்பத்தா தன் கெடாவைக் கொடுக்க முடியாமல் போனதும் அவர் ஆட்சி போட்ட சட்டத்தால்தான். முன்னதை மதிக்கிறேன். பின்னதற்கு அவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்குச் சுலபம். ஆனால் அப்பத்தா அந்தக் காந்திக்காரர்களின் கட்சியும்தான், இன்னொரு விஷயத்தில்.

மதுவிலக்கு 1937-இல் ராஜாஜி காலத்தில் சேலத்தில் ஆரம்பித்தது. 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுக்க வந்தது. குமாரசுவாமி ராஜா அதைத் தொடர்ந்தார். 1971-இல் கருணாநிதி தளர்த்தும்வரை, இருபது வருஷத்துக்கு மேல் இங்கே சட்டப்படி ஒரு கடை கிடையாது. அப்பத்தா வளர்ந்ததும் கல்யாணம் ஆனதும் அந்தக் காலத்தில். "கள்ளச்சாராயம் இருந்துச்சுதான். ஆனா தேடிப் போகணும். தேடிப் போறதுக்குள்ள பாதிப் பேரு வீட்டுக்கு வந்துருவான்" என்பாள். தனிமனித சுதந்திரம் பற்றி நான் படித்த எதுவும் இந்த வாக்கியத்தோடு மோதி ஜெயித்ததில்லை.

2003 ஆகஸ்டில் கெடாவைத் தடுத்த அதே அரசு, அதே வருஷம் நவம்பரில் சில்லறை மது விற்பனையைத் தானே எடுத்துக்கொண்டது. டாஸ்மாக் 1983-இலிருந்தே இருந்தது, மொத்த விற்பனைக்கு. தெருக்கடையையும் அரசே நடத்த ஆரம்பித்தது 2003 கடைசியில்தான். அந்தப் பழைய தலைமுறையின் ரெண்டு நம்பிக்கைகளில், அரசுக்குப் பைசா செலவு வைக்காததைப் பரணிலிருந்து இறக்கினார்கள். வருமானம் தரக்கூடியதற்குத் தாங்களே கல்லாவில் உட்கார்ந்தார்கள். குமாரசுவாமி ராஜாவை இதில் குற்றம் சொல்ல முடியாது. அவர் ரெண்டையும் நம்பினார்.

எங்கள் ஊர்ப் பக்கம் சனிக்கிழமைதான் சம்பளம். கை காய்ந்து வேலைக்குத் திரும்பிய அப்பா சனிக்கிழமைகளில் நேராக வீட்டுக்கு வருவது கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. வலிக்காக என்று ஆரம்பித்தார். 2004-இல் பலித் தடைச் சட்டத்தையே ரத்து செய்துவிட்டார்கள். அப்பத்தா அதற்குள் தாடி முளைத்துப்போன அந்தக் கெடாவைக் கோயிலுக்கு ஓட்டிப்போய் நேர்த்திக்கடனைத் தீர்த்தாள். அப்பா அன்றைக்கும் நிதானத்தில் இல்லை. தீயில் பிழைத்தவர் 2012-இல் ஈரல் கெட்டுப் போய்ச்சேர்ந்தார். அடுத்த வருஷமே அப்பத்தாவும் போய்விட்டாள்.

அம்மா போனை வைத்த பிறகு இதையெல்லாம்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். கறி சாப்பிடாமல் இருப்பது என் விரதம். அது எனக்குள் இருக்கிறவரை யாருக்கும் தொந்தரவில்லை. அதை "இந்தக் காலத்துல போய்" என்று அம்மாவிடம் நீட்டிய நிமிஷத்தில் நானும் ஒரு குட்டிச் சட்டம் போட்டுவிட்டேன். அவராவது வீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். நான் என்ன கொடுத்தேன்? அதே சமயம், ஊர்க் கடையை நாளைக்கே மூடுகிறோம் என்று ஒரு எம்.எல்.ஏ. வந்து நின்றால், அவர் எந்தக் கட்சியானாலும் என் ஓட்டு அவருக்குத்தான். இது முரண்பாடு என்று தெரியும். அப்பத்தாவிடமும் இதே முரண்பாடு இருந்தது. அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை.

ரூபாய் அனுப்பினேன். பங்குனியில் போனோம். வெட்டும்போது பையனைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்துப் பக்கம் தள்ளி நின்றேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பந்தியில் உட்கார்ந்தபோது எல்லோர் இலையிலும் கறிக்குழம்பு விழுந்தது. என் இலைக்கு மட்டும் அம்மா ஒரு தூக்குவாளியோடு வந்தாள். காலையில் நாலு மணிக்கு எழுந்து எனக்கென்று தனியாக சாம்பார் வைத்திருக்கிறாள்.

"ஆறிருச்சு. பரவாயில்ல, சாப்புடு" என்றாள்.