குளிர்கடற் கரையில் இரண்டு நாட்கள்

மீன்பிடியைப் பற்றிப் பேசும் உரிமை எங்களுக்கு உண்டென்றே நெடுங்காலம் எண்ணியிருந்தோம். பாசையூர்க் கரையில் பிறந்தவர்கள் நாங்கள், சகோதரர் இருவர். எங்கள் ஐயா யாழ்ப்பாணக் கடல் நீரேரியில் களங்கட்டித் தொழில் செய்தவர். நடக்கத் தொடங்கிய நாள் முதல் மீன் செதிலும் உப்பு நீரும் எங்கள் உடம்பில் ஒட்டிக் கிடந்தன. ஆயினும் 1985 ஆம் ஆண்டு டென்மார்க் மண்ணில் வந்திறங்கியபின், நாற்பது ஆண்டுகளாக நாங்கள் ஒரு தூண்டிலைக்கூடத் தொட்டதில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. கடலுக்குச் செல்லத் தடைகள் வந்து, கரையில் வலைகள் காய்ந்து கிடந்த காலம் அது. ஐயா தம் வள்ளத்தை விற்றே எங்கள் இருவரின் பயணச் செலவைக் கட்டினார். "வள்ளம் இன்னொண்டு கட்டலாம், பிள்ளையளை இன்னொருக்காப் பெற ஏலாது" என்று அம்மாவிடம் சொன்னாராம். இன்னொரு வள்ளம் அவர் கட்டவேயில்லை. பிறர் வள்ளத்தில் கூலிக்குப் போனார். 1997 இல் அவர் மறைந்தபோது எங்களால் போக முடியவில்லை. அதன்பின் எங்களில் மூத்தவர் கடற்கரைக்கு உலாவச் செல்வதைக்கூடத் தவிர்த்து வந்தார். நாங்கள் வாழும் யூலாந்துப் பெருநிலத்து நகரமோ கடலிலிருந்து எட்டவே இருக்கிறது, தவிர்ப்பது எளிதாயிற்று.

இந்த விரதத்தை முறித்தவன் மூத்தவரின் மகன். இந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த அவனுக்கு மீன்பிடி தொழிலன்று, ஓய்வு. கயாக் எனப்படும் ஒடுங்கிய ஒற்றையாள் படகொன்றை வாங்கி வைத்திருக்கிறான். கிறீன்லாந்தின் இனுயிற் மக்கள் கடல்நாய்த் தோலால் கட்டிய படகு அது; அவனுடையது பிளாஸ்ரிக். வாகனக் கூரையில் அதைக் கட்டிக்கொண்டு மார்ச்சு மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை மாலை எங்கள் வாசலில் வந்து நின்றான். "அப்பா, சித்தப்பா, ரெண்டு பேரும் வாங்கோ. ரெண்டு நாள்தான்" என்றான். மூத்தவர் மறுப்பார் என்றே இளையவர் எதிர்பார்த்தார். அவர் மறுக்கவில்லை. எழுபது வயதைத் தாண்டியவர்கள் ஏன் ஒன்றுக்கு இசைகிறார்கள் என்று கேட்பதில் பயனில்லை.

தேடிப்போன மீனைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். டிரவுட் என்னும் பெயரை நம்மவர் நுவரெலியாவோடு சேர்த்துக் கேள்விப்பட்டிருப்பர். ஆங்கிலேயர் தங்கள் தூண்டில் விளையாட்டுக்காக மலைநாட்டு ஓடைகளில் கொண்டுவந்து விட்ட மீன் அது. டென்மார்க்கில் அது சொந்த மண்ணின் மீன். மாரியில் ஓடையின் கூழாங்கற்களைக் கிளறி அதனுள் முட்டையிடுகிறது. பொரித்த குஞ்சுகள் ஓரிரண்டு ஆண்டுகள் ஓடையிலேயே வளர்கின்றன. அதன்பின்தான் வியப்பு. ஒரே தாயின் குஞ்சுகளுள் சில, பிறந்த ஓடையிலேயே தவிட்டு நிறத்தோடும் சிவப்புப் புள்ளிகளோடும் சிறு மீன்களாக வாழ்ந்து முடிக்கின்றன. மற்றவை ஓர் இளவேனிலில் வெள்ளி நிறம் பூண்டு கடலுக்கு இறங்கிவிடுகின்றன. அங்கே இறாலும் புழுவும் சிறுமீனும் தின்று பன்மடங்கு பெருத்து, இனம்பெருக்கும் காலம் வந்ததும் பிறந்த ஓடையின் மணத்தை மோந்தே அதற்குத் திரும்புகின்றன. இரண்டும் ஒரே இனம், ஒரே குருதி. இளைஞன் வாகனத்தை ஓட்டியபடி இதைச் சொன்னபோது நாங்கள் இருவரும் பின்னிருக்கையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் மூத்த சகோதரி இன்றும் பாசையூரில்தான் இருக்கிறார்.

சிறிய பெல்ற் நீரிணைப் பாலத்தைக் கடந்து ஃபூன் தீவுக்குள் நுழைந்தோம். அத்தீவின் தென்மேற்கில் ஹெல்னேஸ் என்னும் குடாநாடு உண்டு. ஒடுங்கிய நிலத்துண்டு ஒன்று அதைத் தீவோடு பிணைத்திருக்கிறது. அதன் கிழக்கே ஆழங்குறைந்த குடா. மாரி முடியும் நாட்களில் மீன் அங்கே வருவதற்குக் காரணம் வெயில். கருஞ்சேறும் கடற்புல்லும் படிந்த தரை சூட்டை ஈர்த்துக்கொள்ள, வெளிக்கடலைவிட ஓரிரு பாகை முன்னதாகவே அங்குள்ள நீர் வெதுவெதுப்பாகிறது. வெதுவெதுப்பு என்றால் நம்மூர்க் கணக்கில் அன்று; நாங்கள் போன அன்று நீரின் வெப்பம் 4 பாகை.

1990 முதல் இத்தீவின் உள்ளூராட்சி மன்றங்கள் ஓடைகளின் குறுக்கே கிடந்த அணைகளை அகற்றியும், கூழாங்கற்களை இட்டும், குஞ்சுகளை விட்டும் இம்மீனை மீட்டு வந்திருக்கின்றன. தூண்டில் போடுவோர் ஆண்டுதோறும் வாங்கும் அனுமதிச் சீட்டின் பணமும் மீன்வளத்துக்கே செல்கிறது. ஓய்வூதிய வயதை எட்டியவர்க்குச் சீட்டு வேண்டியதில்லை. எங்களில் இளையவர் பணம் கட்ட, மூத்தவர் கட்டாது தப்பினார். அவ்விரு நாட்களிலும் அவர் அதை ஐந்தாறு தடவை நினைவூட்டினார்.

சனிக்கிழமை காலை மார்பு வரை நீர் புகாத காற்சட்டைகளை அணிந்து, உறைபனி வெளுத்துக் கிடந்த கற்களின்மேல் தட்டுத்தடுமாறி நீரில் இறங்கினோம். கைத்தூண்டிலை மணிக்கட்டால் சுண்டி எறிந்து பழகிய எங்களுக்கு நீண்ட கோலும் சுழலும் உருளையும் பிடிபடவில்லை. இளையவரின் மூன்றாவது வீச்சு அவருடைய தொப்பியையே பிடித்தது. நான்கு மணி நேரத்தில் கிடைத்தவை பாசியும், ஒரு கல்லும், எங்கள் ஊர்ச் சாதாளையை ஒத்த கடற்புல்லும்தான். விரல்கள் மரத்து மடங்க மறுத்தன. இரை தேடாதவன் எதற்காக இந்தக் குளிரில் நிற்கிறான் என்ற கேள்வி எங்களுக்கு எழாமலில்லை. ஐயா எங்களைப் பார்த்திருந்தால் பைத்தியம் என்றிருப்பார்.

நண்பகலின்பின் இளைஞன் கயாக்கில் ஏறினான். கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுகிய நீர்புகா உடை, மிதப்புச் சட்டை, உறையிட்ட கைபேசி, ஊதுகுழல் எல்லாம் அவனிடம் இருந்தன. குடா எண்ணெய் ஊற்றினாற்போல் கிடந்தது. துடுப்பு மாறி மாறி நீரைத் தொட, ஓசையின்றி அவன் தூரமாவதைப் பார்த்து நின்றோம். படகுக்குப் பின்னால் தூண்டில் நூல் இழுபட்டுச் சென்றது. முந்நூறு மீற்றர், ஐந்நூறு மீற்றர் என்று அவன் சிறுத்துப் போனான்.

அப்போது மூத்தவர் உருளை சுற்றுவதை நிறுத்தினார். எங்களுக்குப் பின்னால் மேட்டில் இருந்த வீட்டின் புகைபோக்கியைத் திரும்பிப் பார்த்தார். நேராக எழுந்துகொண்டிருந்த புகை கிழக்கே வளைந்திருந்தது. பிறகு குடாவைப் பார்த்தார். கரையோரம் நீர் அசையாதிருக்க, இளைஞனுக்கு அப்பால் ஒரு கறுத்த கோடு நீரின்மேல் படர்ந்துகொண்டிருந்தது.

"கச்சான் எழும்புது" என்றார்.

கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று கரையில் நிற்பவனை ஏமாற்றும். மேடும் மரங்களும் மறைப்பதால் ஓரத்தில் நீர் நித்திரை கொள்ளும். ஆயிரம் மீற்றர் அப்பால் அதே காற்று அலை கிளப்பி, சிறு படகை வெளியே தள்ளிக்கொண்டு போகும். தெற்கே கடல் விரிந்த எங்கள் கரையில் வாடை செய்யும் வஞ்சகத்தை, கிழக்கே குடா விரிந்த இந்தக் கரையில் கச்சான் செய்கிறது. கரைக் காற்றைப் பார்த்துக் கடலில் இறங்காதே என்று ஐயா எங்களுக்குச் சொன்னது ஒரு தடவையா, இரண்டு தடவையா! 4 பாகை நீரில் விழுந்தவன் முதல் ஒரு நிமிடம் மூச்சுக்குத் திணறுவான். பத்து நிமிடங்களில் கைகள் அவன் சொற்கேளா. நல்ல உடை உயிரை நீட்டிக்கும், காற்றை நிறுத்தாது.

கைபேசியில் அழைத்தோம், அவன் எடுக்கவில்லை. மூத்தவர் தம் சிவப்பு மேற்சட்டையைக் கழற்றி, அந்தக் குளிரில் வெறும் கம்பளிச் சட்டையோடு இடுப்பளவு நீரில் நின்று, இரு கைகளாலும் வீசினார். நாற்பது ஆண்டுகளாக நாங்கள் கேளாத குரலில் கூவினார். தொலைவில் துடுப்பு ஒரு தடவை உயர்ந்து அசைந்தது. அப்பாவுக்கு மீன் பட்டுவிட்டது என்று எண்ணி மகன் கையசைத்து வாழ்த்தினானாம்! இதைப் பின்னர் கேட்டுச் சிரித்தோம், அவ்வேளை சிரிக்கவில்லை. கூவல் நிற்காததைக் கண்டு ஐயுற்று, அவன் படகைத் திருப்பினான்.

திரும்பிய சிறிது நேரத்தில் கறுத்த கோடு அவனைக் கடந்து வந்தது. அதன்பின் ஒவ்வொரு முழத்துக்கும் அவன் போராட வேண்டியிருந்தது. படகின் மூக்கு எழுந்து எழுந்து விழுந்தது. அவன் துடுப்பை நிறுத்திய கணமெல்லாம் பின்னே போனான். போகும்போது சில நிமிடங்களில் கடந்த தூரம் திரும்பும்போது அரை மணி நேரம் ஆயிற்று. கரை மறைப்புக்குள் வந்ததும் படகைப் பிடித்து இழுத்தோம். அவனால் உடனே எழுந்து நிற்க முடியவில்லை.

"போனிலை பின்னேரம்தான் காத்து எண்டு போட்டிருந்தது, அப்பா" என்றான், தலை குனிந்தபடி. மூத்தவர் ஒன்றும் சொல்லவில்லை. ஈரமான சட்டையை அணிந்துகொண்டு, சுடுநீர்க் குடுவையைத் திறந்து அவனுக்குத் தேநீர் வார்த்தார்.

அன்றிரவு வாடகைக்கு எடுத்திருந்த கோடைக்குடிலில் விறகடுப்பின் முன்னே இருந்து, மகன் கேட்கக் கேட்க மூத்தவர் காற்றுகளைச் சொன்னார்: வாடை, கச்சான், சோளகம், கொண்டல். ஒவ்வொன்றும் எந்தெந்த மாதத்தில் வரும், எது எந்த மீனைக் கொண்டுவரும் என்றெல்லாம். வள்ளத்தின் நீளத்தையும் அதற்குப் பூசிய நிறத்தையும் சொன்னார். அது விலைப்பட்ட நாளையும் சொன்னார். இந்தக் கதையைப் பெற்ற மகனிடம் அவர் முன்பு சொன்னதில்லை என்பது அப்போதுதான் இளையவருக்குத் தெரிய வந்தது.

ஞாயிறன்று காற்று ஓய்ந்து வெயில் எறித்தது. படகு கூரையிலேயே கிடந்தது. மூவரும் கரையில் நின்றோம். பிற்பகல் இரண்டு மணியளவில் இளைஞனுக்கு 48 சென்ரிமீற்றர் நீளமான மீனொன்று கிடைத்தது. செதில்கள் கையில் உதிரும் அளவுக்குப் புத்தம்புது வெள்ளி. வைத்துக்கொள்ளச் சட்டம் விதித்த சிற்றளவு 40 சென்ரிமீற்றர். ஆகவே அதை வைத்துக்கொண்டோம்.

சிறிது நேரத்தில் மூத்தவரின் கோல் வளைந்தது. மீன் துள்ளவில்லை, கனத்து இழுத்து, பின் எளிதாகவே வந்துவிட்டது. நீளம் அறுபதுக்குக் குறையாது. ஆனால் அதை வலையில் ஏந்திய இளையவர் கை கனமின்மையை உணர்ந்து திகைத்தது. தலை பெரிது, வயிறு ஒட்டி முதுகெலும்பைத் தொட்டது, வால் ஓரம் கிழிந்து தேய்ந்திருந்தது.

"ஓடையாலை இறங்கி வந்த மீன்" என்றான் இளைஞன். ஓடைக்கு ஏறி முட்டையிட்டு, மாதக்கணக்கில் உண்ணாமல் கிடந்து, எஞ்சிய உயிரோடு கடலுக்கு இறங்கும் மீனை டேனிய மொழியில் கீழே விழுந்த மீன் என்று பொருள்படச் சொல்கிறார்கள். பசுபிக் சமுத்திரத்துச் சால்மன்கள் முட்டையிட்டதும் மாண்டுபோகும். இவற்றுள் பல பிழைக்கின்றன; கடலில் தின்று தேறி மறுபடியும் ஏறுகின்றன. மார்ச்சு மாதத்தில் இதைப் பிடித்து வைத்திருப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. "உங்கட விருப்பம், அப்பா" என்றான் மகன்.

மீனைத் திரும்பக் கடலில் விட்ட வரலாறு எங்கள் குடும்பத்தில் இல்லை. விரலளவு மீனும் எங்கள் வீட்டில் சொதியாகும். மூத்தவர் கையுறைகளைக் கழற்றினார். செதிலின் வழுவழுப்பு கெடாதிருக்கக் கைகளை முதலில் நீரில் நனைக்கும்படி மகன் சொல்ல, அப்படியே செய்தார். தூண்டில் முள்ளை எடுத்தபின் மீனை நிமிர்த்தி, நீருக்குள்ளேயே தாங்கிப் பிடித்துக்கொண்டார். செவுள்கள் மெல்ல அசைந்தன. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் சென்றன, மீன் போகவில்லை. குளிரில் அவர் கைகள் சிவந்து, பின் வெளுத்தன. "விடுங்கோ, நான் பிடிக்கிறன்" என்று இளையவர் சொன்னது அவர் செவியில் ஏறவில்லை. இறுதியில் வால் ஒரு தடவை அசைந்தது. மீன் கடற்புல்லின் மேலாகச் சென்று மறைந்தது.

அவர் குனிந்தபடியே நின்றார்.

"ஐயா இருந்தா ஏசியிருப்பார்" என்றார். சிறிது பொறுத்து, "இல்லை, ஏச மாட்டார்" என்றார்.

வீடு திரும்பிய இரவு மூத்தவரின் துணைவியார் அந்த ஒற்றை மீனைப் பாதி சொதியும் பாதி பொரியலும் ஆக்கினார். இறால் தின்று வளர்ந்ததால் சதை செம்மஞ்சளாயிருந்தது. "வாசமே இல்லை, இதெல்லாம் ஒரு மீனோ?" என்பது அவருடைய தீர்ப்பு. பழப்புளியும் மிளகாயும் கூட்டி, ஒருவாறு அதை நம் வழிக்குக் கொண்டுவந்திருந்தார். சட்டியில் ஒன்றும் மிஞ்சவில்லை.

மகன் விடைபெற எழுந்தபோது மூத்தவர் வாசல் வரை வந்தார். வாகனக் கூரையிலிருந்த படகின் கட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். ஒன்றை அவிழ்த்து, ஐயா வள்ளம் கட்டும் முடிச்சால் மறுபடி கட்டினார்.

"வாற சனிக்கிழமை காத்து எந்தப் பக்கம் எண்டு பார்" என்றார்.