முதிர்ந்த வயதில் மிருதங்கம்

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நம் முன்னோர் கேட்டு வைத்தனர். கேள்வியாகக் கேட்டனரேயன்றி, வளையாது என்று தீர்ப்புக் கூறினாரில்லை. அந்தச் சிறு இடைவெளியைப் பற்றிக்கொண்டே நான் என் 44ஆம் வயதிலே மிருதங்கம் பயிலத் தொடங்கினேன். வித்துவானாக வரவேண்டும் என்ற ஆசை அன்றும் இல்லை, இன்றும் இல்லை. எங்கள் ஊர்ப் பஜனைக் கோஷ்டியிலே ஒரு வெற்றிடம் இருந்தது. அதனை நிரப்ப ஓர் ஆள் வேண்டியிருந்தது. அவ்வளவே. பதினைந்தாண்டு அனுபவத்திலே கண்டறிந்த சிலவற்றை நம் கல்லூரியின் விழா மலரிலே பழைய மாணவ நண்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாழ்ப்பாண நகரின் கிழக்கே, கண்டி வீதியின் இருமருங்கிலும் பரந்து, கடனீரேரியை ஒரு கரையாகக் கொண்டு கிடப்பது அரியாலை. பனையும் வயலும் உப்புக்காற்றும் நிறைந்த இவ்வூரிலே பிறந்தவன் செவியில் தாளவோசை விழாமல் வளர்வது அரிது. சித்திவிநாயகர் ஆலயத்துத் திருவிழாக் காலத்தில் தவில் முழங்கும். இசைநாடகம் நடைபெறும் இரவிலே ஆர்மோனியத்துக்கு இணையாக மிருதங்கம் பேசும். மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில் விடியுமுன்னே சங்கும் சேமக்கலமும் ஒழுங்கை ஒழுங்கையாக வந்து துயிலெழுப்பும். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி (1933–1975) போன்ற தவில் மேதைகளை விடியும்வரை நின்று கேட்டவர்கள் எங்கள் தகப்பன்மார். அவர் மறைந்தபோது எனக்கு வயது 9. அவருடைய வாசிப்பை நேரிலே கேட்ட நினைவு எனக்கில்லை. ஆயினும், கேட்டவர்கள் மறுநாட் காலையில் வேலியோரம் நின்று கையாலே தொடையில் தட்டிக் காட்டியதை நன்கு அறிவேன்.

அத்தகைய சூழலிலே வளர்ந்தும் நாங்கள் ஏன் பயிலவில்லை? விடை, இம்மலரைக் கையில் ஏந்தியிருக்கும் அனைவருக்கும் தெரிந்ததே. சோதனை! கணக்கும் பௌதிகமும் இரசாயனமும் எங்கள் மாலைப்பொழுதுகளை உண்டுவிட்டன. மிருதங்கம் என்றால் படிப்புக் கெட்டுவிடும் என்பது பெற்றோரின் நல்லெண்ணம். அதிலே குறைகாண நான் முற்படேன். அக்காலத்தில் ஒரு குடும்பம் தலைநிமிர வேறு வழி அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

எங்கள் கோஷ்டிக்கு அன்று ஒரு நல்ல மிருதங்கக்காரர் இருந்தார். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுவாசலை விட்டெழுந்து, கண்டி வீதி வழியே செம்மணியைக் கடந்து, நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழையிலே நடந்தனர். அவ்வழியிலேயே உள்ள எங்கள் ஊரும் அவர்களுடன் எழுந்து நடந்தது. கைக்குழந்தையைத் தூக்குவதா, மிருதங்கத்தைத் தூக்குவதா என்றால் எவரும் எதனைத் தூக்குவர்? 1996இலே மீண்டு வந்தபோது, கோஷ்டியின் மிருதங்கம் தோல் கிழிந்து, எலி வாரையறுத்த நிலையிலே கிடந்தது. அதனை வாசித்தவரோ சில ஆண்டுகளிற் கடல்கடந்து சென்றுவிட்டார். பின்னர் தாளமும் சேமக்கலமும் மாத்திரம் கொண்டு பாடினோம். பாடுவோரும் ஆண்டுதோறும் குறைந்தனர். இறுதியாக, ஒலிபெருக்கியைச் சிறு வண்டியில் ஏற்றி, ஒலிப்பதிவை இசைத்துச் செல்லும் வழக்கம் வந்தது.

2010ஆம் ஆண்டுக் கார்த்திகையிலே கோஷ்டியார் கூடியபோது, இனி ஒலிப்பதிவே போதும் என்ற பிரேரணை எழுந்தது. அதை எடுத்தவர்மீதும் பிழையில்லை. பாட ஆளில்லை, பனியிலே நடக்க உடம்பில்லை. அப்பொழுது முதியவர் ஒருவர் எழுந்து, “ஒலிபெருக்கி வருகுதெண்டு ஆரும் படலையைத் திறந்து விளக்குக் கொளுத்திறேல்லை, தம்பிமார். ஆள் வந்தால்தான் கொளுத்துவினம்” என்றார். பிறகு, மிருதங்கம் வாசிக்க ஓர் ஆள் இருந்தாற் பாடுவோர் தாமாகவே வந்து சேர்வர் என்றும் சொன்னார். சபையிலே மௌனம் நிலவியது. ஓராண்டு அவகாசம் தந்தால் நான் கற்றுக்கொண்டு வருகிறேன் என்றேன். சிலர் சிரித்தனர். ஒருவர் மாத்திரம் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். எழுதியபின் மீளமுடியாது என்பதை அலுவலகத்தில் வேலைபார்த்த எவரும் அறிவர்.

எனக்கு வாய்த்த ஆசிரியர் என்னினும் 15 வயது இளையவர். அவர் என்னை ‘அண்ணை’ என்பார், நான் அவரை ‘மாஸ்ரர்’ என்பேன். சனிக்கிழமை காலையிலே 9 வயது, 10 வயதுச் சிறுவர் வரிசையில் நானும் பாயிலே சம்மணமிட்டு அமர்ந்தேன். முதல் மூன்று மாதம் த, தி, தொம், நம் என்னும் நான்கு சொற்களே பாடம். சிறுவர்கள் ஒரே கிழமையிலே மூன்று காலமும் ஓட்டினர். எனக்கோ இரண்டாங் காலத்திலேயே விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. முழங்கால் நொந்தது. “உங்கடை கை பேனை பிடிச்சுப் பழகின கை, அண்ணை. விரலை விட்டிட்டு மணிக்கட்டாலை வாசியுங்கோ. வேகத்தை நினையாதையுங்கோ” என்றார் ஆசிரியர். வேகத்தை நினையாதே என்ற அந்த ஒரு சொல்லே என்னைக் காப்பாற்றியது. சிறுவனுக்குக் காலம் நிறைய உண்டு, அவன் விரையலாம். முதிர்ந்தவன் தனக்குக் காலம் குறைவு என்று எண்ணி விரைந்தால் கை இறுகிப்போகும். மெதுவாக வாசித்தபொழுதுதான் ஒவ்வொரு சொல்லும் தனித்து ஒலித்தது.

இக்கருவியின் அமைப்பை அறிந்துகொள்வதில் முதிர்ந்த வயது ஒரு பெரும் பேறு. சிறுவன் கையினாலே கற்பதை நாம் கருத்தினாலும் கற்கிறோம். பலாமரத்தைக் குடைந்து, இருபுறமும் தோல் மூட்டி, வாரினால் இறுக்கிக் கட்டுவர். வலந்தலையின் நடுவே கருநிறமான கரணை இருக்கும். இடந்தலையிலே, வாசிக்கத் தொடங்கும்போது ரவையைத் தண்ணீரிலே குழைத்து அப்பி, முடிந்ததும் வழித்தெடுத்துவிடுவர். சாதாரணமான பறையிலே எழும் மேலொலிகள் ஒன்றோடொன்று இணங்கா. ஆதலால் அதிலே குறித்த சுருதி தோன்றாது. மிருதங்கத்திலோ, கரணையின் பாரமும் தோலின் அமைப்பும் அம்மேலொலிகளை அடிச்சுருதியோடு இணங்கச் செய்கின்றன. இதனைச் சேர் சி. வி. இராமன் 1920இலே ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட குறிப்பிலும், 1934இல் எழுதிய ஆராய்ச்சியிலும் விளக்கியுள்ளார். கல்லூரியிலே பௌதிகம் படித்தபோது அலைகளைப் பற்றி எழுதிப் புள்ளி பெற்ற எனக்கு, அப்பாடத்தின் பொருள் விளங்கியது 45ஆம் வயதிலே, கல்லும் சிறு மரக்கட்டையும் கொண்டு வலந்தலையின் பின்னலைத் தட்டிச் சுருதி சேர்த்தபொழுதுதான்.

சுருதி உண்டு என்பதன் கருத்து யாது? மிருதங்கம் தனித்து நிற்க முடியாது என்பதே. பாடுபவரின் ஆதார சட்சத்தோடு அது சேரவேண்டும். மார்கழியிலே மழையீரமும் பனியும் தோலிலே இறங்க, சுருதியும் இறங்கும். நான்கு வீடு கடந்ததும் நின்று தட்டிச் சரிசெய்ய வேண்டும். தோலோ மாட்டினதும் ஆட்டினதும். அதனைப் பதமறிந்து மூட்டித் தருபவரின் பெயர் மேடையிலே சொல்லப்படுவதில்லை. பாலக்காடு மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னே பர்லாந்து என்னும் கைவினைஞரின் உழைப்பு இருந்தது. அத்தகையோரின் வரலாற்றை 2020இலே டி. எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற நூலாக எழுதினார். தோல் மாற்ற ஒருவரைத் தேடி அலையும்பொழுதுதான் அவர் அருமை நமக்குத் தெரிகிறது.

வலக்கை ஓராண்டிலே ஒருவாறு வழிக்கு வந்தது. இடக்கை வர மூன்றாண்டு சென்றது. இடந்தலையைத் தொப்பி என்றுஞ் சொல்வர். பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) தொப்பியின் நாதத்துக்குப் பெயர்போனவர். அவருடைய ஒலிப்பதிவுகளை இரவிலே கேட்டேன். எத்தனை அடி அடிக்கிறார் என்று எண்ணத் தொடங்கி, எத்தனை இடத்தில் அடியாது விடுகிறார் என்று எண்ணும் நிலைக்கு வந்தேன். அவ்விடைவெளிகளிலே பாட்டு மூச்சுவிடுகிறது.

ஒத்துக்கொண்டபடி 2011ஆம் ஆண்டு மார்கழியிலே கோஷ்டியோடு இறங்கினேன். மிருதங்கத்தைச் சால்வையாற் கட்டிக் கழுத்திலே தொங்கவிட்டு நடந்துகொண்டே வாசிப்பது, பாயிலிருந்து வாசிப்பதினும் வேறான கலை. எங்கள் கோஷ்டியிலே கமக்காரர், கடைக்காரர், ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், பள்ளி மாணவர் எனப் பலரும் உளர். சங்கீதம் முறையாகப் பயின்றவர் ஒருவர் இருவரே. முன்னே பாடுபவர் எழுபதைக் கடந்தவர். அடியின் முடிவிலே அவருக்கு மூச்சு வாங்கும். ஆதி தாளத்திலே எட்டு அட்சரம் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அவருக்கோ எட்டுடன் அரை அட்சரம் மேலும் வேண்டும். தாளம் போடுபவர், “கணக்குப் பிசகுது, இழுத்துப் பிடியும்” என்று என்னைப் பார்த்தார். பெரியவரோ கண்மூடிப் பாடினார். நான் யாருக்கு வாசிப்பது?

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே தண்ணுமை ஆசிரியனுக்குரிய இலக்கணம் கூறப்பட்டிருக்கிறது. யாழும் குழலும் மிடற்றுப் பாடலும் இசைவதைக் கேட்டறிந்து அவற்றோடு சேர்ந்து வாசித்தல் வேண்டும். ஒலியைப் பெருக்குதலும் அடக்குதலும் அளவு கடவாதிருத்தல் வேண்டும். இவ்வாறு அமைகிறது அதன் கருத்து. பள்ளியிலே மனனஞ் செய்தபொழுது அது நடன அரங்கைப் பற்றிய ஒரு செய்தி. அரியாலை ஒழுங்கையில் நின்றபொழுது அது எனக்கிட்ட கட்டளை. அடி முடியுமிடத்திலே வலக்கையை நிறுத்தி, இடந்தலையில் மெதுவாக ஒரு தொம் மாத்திரம் வைத்துப் பெரியவரின் மூச்சு மீளும்வரை தாங்கினேன். தாளக்காரரும் அந்தத் தொம்மைக் கேட்டுக் காத்தார். மூன்றாம் நாள் கோஷ்டி முழுவதும் அந்த அரை அட்சரத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. கணக்கைக் காப்பது தாளத்தின் ஒரு தொழில். கூடி நடப்பவரிலே மெல்ல நடப்பவரை விட்டுவிடாமை அதன் மற்றொரு தொழில்.

நம் நாட்டிலே இசைக்கல்விக்குக் குறைவில்லை. 1931இலே தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை தரந்தரமாகச் சோதனை நடத்திக் கலாவித்தகர் பட்டம் வழங்குகிறது. 1960இலே மருதனார்மடத்தில் சு. நடேசபிள்ளை நிறுவிய இராமநாதன் அக்கடமி பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து வளர்ந்தது. இவை வித்துவான்களை உருவாக்குவன. ஆனால் வித்துவானுக்குச் சபை வேண்டும். சபையிலே இருப்பவன் தானும் ஒருநாள் தட்டித் தடுமாறிப் பார்த்தவனாயிருந்தால், மேடையில் நிகழும் அருமையை அவன் செவி உணரும். தெட்சணாமூர்த்தியின் தவிலை விடியும்வரை நின்று கேட்ட அக்கூட்டம், பஜனையிலும் கூத்திலும் நாடகத்திலும் கைபழகிய கூட்டமன்றோ?

என்னுடன் பாயிலிருந்து பயின்ற சிறுவர் இன்று வளர்ந்த வாலிபர். ஒருவர் புலம்பெயர்ந்துவிட்டார். மற்றொருவர் எங்கள் கோஷ்டியிலே என் சுமையைப் பாதி வாங்கிக்கொண்டு, முதல் ஐந்து நாளும் வாசிக்கிறார். அவர் வேகம் எனக்கு எந்நாளும் வாராது. அந்த அரை அட்சரத்தை மாத்திரம் அவருக்கு நான் கற்பித்தேன். முன்னே பாடிய பெரியவர் இப்பொழுது இல்லை. பாடுபவர் இளையவர், மூச்சும் நீண்டது. ஆயினும் அடியின் முடிவிலே கோஷ்டி சற்றே நின்றுதான் செல்கிறது. புதிதாகச் சேர்வோர் அதுவே அரியாலைப் பாணி என்று எண்ணிக்கொள்கின்றனர்.

பழைய மாணவ நண்பர்களே! 1890இலே தோன்றிய நம் கல்லூரி உங்களை வைத்தியராக்கியது, பொறியியலாளராக்கியது, ஆசிரியராக்கியது. ஓய்வுபெற்ற பின்னர் உங்கள் ஊரிலே எந்த இடம் வெறுமையாயிருக்கிறது என்று சற்றே பாருங்கள். அது மிருதங்கமாகலாம், ஆர்மோனியமாகலாம், தேவாரம் பாடும் குரலாகலாம். இளைய ஆசிரியர் ஒருவரை நாடுங்கள். முதல் ஆண்டில் வேகத்தைத் தேடாதீர்கள். நாளுக்கு அரைமணி போதும், ஆனால் நாள் தவறக்கூடாது. இவ்வளவும் இயலாதவர், மார்கழி விடியலிலே சேமக்கல ஓசை கேட்டால் எழுந்து வந்து படலையைத் திறந்து ஒரு விளக்காவது ஏற்றிவையுங்கள். வருவது ஆட்கள்தாம்.