ஒற்றைக் கோட்டில் ஆவூர்

பிப்ரவரி 2, ஞாயிறு

பெட்டி நேற்று மாலை வந்தது. காலைப் பூசைக்குப் போய்வந்ததும் திண்ணையில் பாய் விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். அலுமினியச் சட்டங்கள், பேக்கலைட் தகடுகள், மூன்று ஸ்டெப்பர் மோட்டார், மூன்று திருகுத்தண்டு, 775 என்ற எண்ணுள்ள ஸ்பிண்டில் மோட்டார், உள்ளங்கை அகலத்தில் கன்ட்ரோல் போர்டு, நான்கு கிளாம்ப், ஒரு பொட்டலம் நிறைய அல்லன் போல்ட்டும் டி-நட்டும். இந்த ரகத்துக்கு 3018 என்று பெயர். 300-க்கு 180 மி.மீ. பரப்பில் வேலை செய்யும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது.

மாத்தூர் சிட்கோவில் தகடு வெட்டுகிற பட்டறையில் எனக்கு வேலை. அங்குள்ள சி.என்.சி. மெஷினின் மேடையில் ஒரு லாரியையே நிறுத்தலாம். ஆனால் வரைபடம் எங்கிருந்தோ வரும். நான் தகட்டைப் படுக்கவைத்துப் பொத்தானை அழுத்துவேன், வெட்டிய துண்டு வேறெங்கோ போகும். வரைவது முதல் கடைசிச் சீவல் கூட்டுவது வரை என் கையாலேயே ஒன்று நடக்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. ஓராண்டுச் சீட்டுப் பணம் அதற்குத்தான் போனது.

"மொதல்ல என்னப்பா செய்வீங்க?" என்றாள் மகள்.

"நம்ம ஊர்ப் பேரு."

பிப்ரவரி 9, ஞாயிறு

சட்டம் கூட்டி முடித்தேன். பார்வைக்கு நேராகத்தான் இருந்தது. பெரியப்பா வந்து சுற்றிப் பார்த்தார். ஐம்பது வருடம் நிலையும் கதவும் இழைத்த கை அவருடையது. "மூலை பாத்தியா?" என்று கேட்டுவிட்டு மடியிலிருந்து நூலை எடுத்தார். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்கே பிடித்து முடிச்சிட்டார். அதே நூலை மறு குறுக்கில் வைத்தபோது முடிச்சு மூலையைத் தொடவில்லை. டேப்பில் அளந்தேன். 2 மி.மீ. வித்தியாசம்.

நான்கு மூலைப் போல்ட்டையும் தளர்த்தி, மூலைமட்டம் வைத்து, குறுக்கு இரண்டும் ஒன்றாகும்வரை தட்டித் தட்டி இறுக்கினோம். கால் மில்லி அளவிலேயே ஒரு மணிநேரம் போயிற்று. சட்டம் கோணினால் செவ்வகம் வெட்டச் சொல்லும்போது மெஷின் சாய்சதுரம் வெட்டும், அதற்கு எந்த சாஃப்ட்வேரும் மருந்தில்லை. மெஷினோடு வந்த குறிப்பேட்டில் இந்த வேலைக்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது. எனக்கு இதுதான் முழு வேலையிலும் முதல் வேலையாகப் படுகிறது.

பிப்ரவரி 13, இரவு

போர்டுக்கு உயிர் வந்தது. இதற்குள் ஓடும் நிரலின் பெயர் ஜி.ஆர்.பி.எல். நார்வேக்காரரான சிமென் ஸ்வேல் ஸ்கோக்ஸ்ரூட் 2009-ல் எழுதி எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. 32 கிலோபைட் இடமுள்ள ஒரு சின்ன சிப்பில் மூன்று அச்சையும் ஒரே தாளத்தில் ஓட்டுகிறது. ஹெலிகாப்டர் இறக்கைக்காக ஜான் பார்சன்ஸ் தொடங்கிய, எண்களால் மெஷினை ஓட்டும் யோசனையை 1952-ல் எம்.ஐ.டி.யில் ஓட்டிக்காட்டியபோது, கட்டுப்படுத்தும் கருவி ஒரு பெரிய அலமாரியாக இருந்தது. இன்று அது என் திண்ணையில் தீப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

கணக்கு எளிது. மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி வைக்கும். ஒவ்வோர் அடியையும் டிரைவர் 16 ஆகப் பிரிப்பதால் 3200. திருகுத்தண்டு ஒரு சுற்றுக்கு 4 மி.மீ. நகர்த்தும். ஆக, ஒரு மில்லிமீட்டருக்கு 800 அடி. 100 மி.மீ. நகரச் சொன்னேன். வெர்னியரில் 99.4 வந்தது.

800-ஐ 805 ஆக்கினால் கணக்கு சரியாகிவிடும், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. திருகு தன் புரியை மாற்றிக்கொள்வதில்லையே, எங்கோ நழுவுகிறது என்று தேடினேன். மோட்டாரையும் தண்டையும் இணைக்கும் கப்ளிங்கில் சின்னத் திருகு ஒன்று தளர்ந்திருந்தது. இறுக்கிய பிறகு அதே 800-ல் 99.98. எண்ணை மாற்றியிருந்தால் தளர்ந்த திருகு உள்ளேயே ஒளிந்திருந்து, நல்ல பலகை ஒன்றில்தான் வெளிப்பட்டிருக்கும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

மேடைக்கு மேல் 12 மி.மீ. எம்.டி.எஃப். பலகை. வெட்டும் பிட் ஆழம் தாண்டினால் வெட்டு வாங்கிக்கொள்வதற்கு. அதை மெஷினையே விட்டு மேலாகச் சீவவைத்தேன். சீவியதும் விரலால் தடவினால் வயலில் உழவுசால் போல மெல்லிய படிகள். ஸ்பிண்டில் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதன் பிடிக்கு அடியில் பால் கவர் துண்டு ஒன்றை மடித்துச் செருகினேன். இரண்டாம் முறை சீவியபோது படி தெரியவில்லை.

பிட்டைக் கவ்விப் பிடிக்கும் காலெட்டைப் பற்றியும் எழுதிவைக்க வேண்டும். முதலில் அதை நட்டுக்குள் சாய்த்து அழுத்தி ‘டிக்’ என்று உட்காரவைக்க வேண்டும். பிறகுதான் நட்டை ஸ்பிண்டிலில் ஏற்ற வேண்டும். நான் காலெட்டை ஸ்பிண்டிலில் போட்டுவிட்டு நட்டைத் திருகினேன். பிட் சுற்றும்போது தலை ஆடியது, 1 மி.மீ. பிட் ஒன்று உடைந்தது.

மார்ச் 2, ஞாயிறு

மெஷின் வாங்கினால் முடிந்தது என்று நினைத்திருந்தேன். உண்மையில் பாதிச் செலவு துணைச் சாமான்களுக்குத்தான். பழைய வாக்யூம் கிளீனருக்கும் மெஷினுக்கும் நடுவில் மூடி இறுக்கிய 20 லிட்டர் பெயிண்ட் வாளி வைத்தேன். தூள் சுழன்று வாளியில் விழுகிறது, வாக்யூமின் பை நிரம்புவதில்லை. எம்.டி.எஃப். தூள் நுரையீரலுக்கு ஆகாது, அதில் பசை கலந்திருக்கிறது. முகமூடி போடாமல் யாரும் திண்ணைக்கு வரக்கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

அச்சு ஓரத்தைத் தொட்டதும் மெஷினுக்குச் சொல்லும் லிமிட் சுவிட்ச் ஆறு வாங்கினேன். ஸ்பிண்டில் ஓடியதும் தொடாத சுவிட்சைத் தொட்டதாக மெஷின் அலறி நின்றது. ஸ்பிண்டில் ஒயரையும் சுவிட்ச் ஒயரையும் ஒன்றாகக் கட்டியதுதான் காரணம். பிரித்து எதிரெதிர்ப் பக்கம் கொண்டுபோனதும் அமைதி.

இந்த சுவிட்ச் வெறும் காவலுக்கு என்று நினைத்தது தவறு. இன்று ஒரு வட்டம் பாதி வெட்டும்போது கரண்ட் போயிற்று. திரும்பி வந்தபோது மெஷினுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்ற நினைவே இல்லை. மூன்று அச்சிலும் ஓரத்துக்குப் போய் சுவிட்சைத் தொட்டு வந்த பிறகுதான், விட்ட இடம் அதற்குத் திரும்பக் கிடைத்தது. நம் ஊர்ப் பக்கம் இதை வாங்குகிறவர்கள் வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

மார்ச் 9, ஞாயிறு

இன்று ஊர்ப் பெயர். வெட்டும் பாதை போடுகிற சாஃப்ட்வேரில் ‘ஆவூர்’ என்று தட்டினேன். வகரத்தின் ஊகாரக் குறி பிய்ந்து தனியே நின்றது, ‘ர்’ மேலிருந்த புள்ளி பக்கத்துக்கு நகர்ந்து ஒரு வெற்று வட்டத்தில் ஏறிக்கொண்டது. மனது கஷ்டமாயிற்று. இங்க்ஸ்கேப் என்ற வரையும் சாஃப்ட்வேரில் எழுதி, எழுத்தைப் பாதையாக மாற்றிக் கொண்டுவந்தேன். உருவம் சரியாக வந்தது. ஆனால் கணினி எழுத்து என்பது கோடு இல்லை, கோட்டைச் சுற்றிய கரை. பிட் கரையைச் சுற்றிவந்தது. ஒவ்வொரு கோடும் இரண்டாக, உள்ளே வெறும் மரம். வயல் இல்லாமல் வரப்பு மட்டும்.

ஒரே இழுப்பில் எழுத ஒற்றைக்கோட்டு எழுத்து வேண்டும். ஆங்கிலத்துக்கு அது 1967-லேயே வந்துவிட்டது. ஆலன் ஹெர்ஷி என்பவர் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் செய்தது. கிரேக்கமும் ரஷ்ய எழுத்தும் ஜப்பானிய எழுத்தும் அதில் உண்டு. தமிழ் இல்லை.

ராத்திரி தூக்கம் வரவில்லை. தமிழுக்கு ஒற்றைக்கோட்டு எழுத்து இல்லை என்று எப்படிச் சொல்வது? ஓலையில் எழுத்தாணி போட்டதெல்லாம் ஒற்றைக் கோடுதானே. கூர்முனை ஒன்று, ஒரே பாதை, அழுத்தத்துக்கு ஏற்ற ஆழம். மெஷினில் மாட்டும் கூரான வி-பிட்டும் அதே வேலையைத்தான் செய்கிறது. நம் ஊர்க் கோயிலில் பணிசெய்த வீரமாமுனிவரை நினைத்துக்கொண்டேன். குறில் எ, ஒ இரண்டுக்கும் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் சொல்கிறது. ஆனால் புள்ளி வைத்தால் ஓலை பொத்துப்போகும் என்று எழுதுகிறவர்கள் விட்டுவிட்டார்கள். குறிலா நெடிலா என்று படிக்கிறவர்தான் ஊகிக்க வேண்டியிருந்தது. இத்தாலியிலிருந்து வந்தவர் அதைக் கண்டு, புள்ளியை நம்பாமல் ஏகாரத்துக்குக் காலும் ஓகாரத்துக்குச் சுழியும் கொடுத்தார் என்றே படித்திருக்கிறோம். எழுதும் கருவியும் எழுதப்படும் பொருளும் சேர்ந்தே எழுத்தின் உருவத்தைத் தீர்மானித்திருக்கின்றன. அப்படியானால் நானும் கருவியிலிருந்தே தொடங்க வேண்டும்.

மார்ச் 16, ஞாயிறு

மகளை உட்காரவைத்துப் பெரிய தாளில் ‘ஆவூர்’ எழுதச் சொன்னேன். அவள் கை போகும் வரிசையைப் பக்கத்திலேயே குறித்தேன். ‘ஆ’வைச் சுழியில் தொடங்கினாள். வயிற்றை வளைத்து, குறுக்கே இழுத்து, நெட்டைக் கோட்டை இறக்கி, அடியில் காலைச் சுழித்தாள். "ஏன்ப்பா இப்படிப் பாக்குறீங்க?" என்று வெட்கப்பட்டாள். அவள் பேனா எடுபடும் இடத்தில் பிட் எழும்ப வேண்டும், பதியும் இடத்தில் இறங்க வேண்டும். தாளைப் படமெடுத்து, அதன்மேல் இங்க்ஸ்கேப்பில் ஒற்றைக் கோடாகவே வரைந்தேன்.

ஆழத்தைக் கணக்கிட்டேன். 60 பாகை பிட் 1 மி.மீ. இறங்கினால் கோட்டின் அகலம் 1.15 மி.மீ. புள்ளியும் அதே ஆழம் என்றால் கோட்டின் பக்கத்தில் அது ஊசி குத்தியது போலத் தெரியும். 2 மி.மீ. இறக்கினால் 2.3 மி.மீ. அகலத்தில் கண் திறந்தது போல இருக்கும். ஓலைக்குப் பயந்தவர்கள் போல நான் பயப்பட வேண்டியதில்லை, பலகை முக்கால் அங்குலம்.

மார்ச் 23, ஞாயிறு

பலகை ஆலங்குடிப் பக்கத்துப் பலா. பெரியப்பா வைத்திருந்த துண்டு, நன்றாகக் காய்ந்தது. அவரே இழைத்துக் கொடுத்தார். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் போகிற மரம் என்பதால் வீணாக்கக் கூடாது என்ற பயம் எனக்கு இருந்தது. முதலில் ஒரு வேப்பந்துண்டில் ஓட்டிப் பார்த்தேன். பிறகுதான் பலாவைக் கிளாம்பில் இறுக்கி, ஒரு தாளை நுழைத்து, அது உரசும்வரை பிட்டை இறக்கிச் சுழியம் பிடித்தேன்.

நிமிடத்துக்கு 400 மி.மீ. வேகம், அரை அரை மில்லியாக இரண்டு நடை. மஞ்சள் தூள் மஞ்சளரைத்தது போல எழுந்து குழாயில் போயிற்று. மூன்று எழுத்துக்கும் பதினோரு நிமிடம். மகள் தன் கை வரிசையை அடையாளம் கண்டு, "இப்ப வளையும் பாருங்க, இப்ப தூக்கும் பாருங்க" என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தாள்.

‘ர’வின் கால் இறங்கி முடிந்ததும் பிட் மேலே எழுந்து நகர்ந்து ஒரு கணம் நின்றது. பிறகு நேராக 2 மி.மீ. இறங்கி, எழுந்தது.

ஸ்பிண்டிலை நிறுத்தினேன். பெரியப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, எழுத்தின்மேல் விரலை ஓட்டி, கடைசியில் புள்ளியில் கொண்டுபோய் நகத்தை வைத்தார்.

"பிசிறில்ல. தேருக்கு முன்னாடி இன்னொண்ணு போட்ரலாம் தம்பி. பலகை நான் தர்றேன்."