புலாவ் செபாங்: தண்டவாளம் போன வழி

பெயரில்தான் தீவு இருக்கிறது. புலாவ் செபாங்கில் கடல் இல்லை. இருப்பது ரயில் நிலையம். நிலையம் மலாக்கா மாநிலத்தில். ஒட்டியிருக்கும் தம்பின் நகரம் நெகிரி செம்பிலானில்.

இங்கே இறங்குபவர்களில் பலர் மலாக்கா நகருக்கு பஸ் தேடுகிறார்கள். நானும் தேடினேன். ஆனால் 1905 முதல் இங்கிருந்து மலாக்காவுக்கு ரயிலே ஓடியது. ஜப்பானியர் காலத்தில் அந்தக் கிளைப் பாதையைப் பெயர்த்து, சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களையும் அதே வேலைக்குக் கொண்டுபோனார்கள்.

மரண ரயில் என்றதும் நமக்கு அடியும் பட்டினியும்தான் நினைவுக்கு வரும். அசுத்தமான தண்ணீரும் அங்கே ஏராளமான உயிர்களைக் குடித்தது. 1943-இல் முகாம்களில் காலரா பரவியது. போர்க்கைதிகளோடு ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும், கழிப்பறைக் குழியைத் தள்ளித் தோண்ட வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்தார்கள். தோட்டத்திலிருந்து போன நம் ஆட்களுக்குப் பெரும்பாலும் மருத்துவரும் இல்லை, கழிப்பறையும் இல்லை. கொத்துக்கொத்தாக மடிந்தார்கள்.

அந்த நோய் இன்னும் ஓயவில்லை. ஆப்பிரிக்காவின் மலாவியில் 2022-23-இல் காலராவுக்கு 1,700-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அங்கும் குறை அதேதான்: சுத்தமான குடிநீர், ஒழுங்கான கழிப்பறை.

குடும்பத்தோடு இந்த வழியாகப் போனால், பிள்ளைகளுக்கு அந்தப் பழைய தண்டவாளத்தின் கதையைச் சொல்லுங்கள். தண்ணீரின் கதையையும் சேர்த்தே சொல்லுங்கள்.