கடைசித் தங்கக் கோப்பை

2024 அக்டோபர் 5, கிராஞ்சி பந்தயத் திடல். 100-வது சிங்கப்பூர் தங்கக் கோப்பை, 2,000 மீட்டர். வென்ற குதிரை ஸ்மார்ட் ஸ்டார். 1843-இல் தொடங்கிய குதிரைப் பந்தயம் அந்த ஓட்டத்தோடு இந்தத் தீவில் முடிந்தது.

லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் சாலையில் மீன்தலைக் கறி சாப்பிடும் பலருக்கு, பக்கத்து ஃபேரர் பார்க்கில்தான் 1933 வரை குதிரைகள் ஓடின என்பது தெரியாது. பிறகு புக்கித் தீமா, அதன்பின் கிராஞ்சி.

ஒவ்வொரு பெரிய பந்தயத்துக்கும் பிறகு 'அடுத்து இந்தக் குதிரை எதில் ஓடும்?' என்றுதான் பேசுவோம். கடைசிக் கோப்பையன்று அந்தக் கேள்வியே கனத்தது. ஓடியவற்றில் பெரும்பாலானவை காயடிக்கப்பட்டவை. இனப்பெருக்கப் பண்ணைக்குப் போக வழியில்லை. என் கணிப்பில், 2,000 மீட்டரைத் தாங்கும் இளங்குதிரைகளுக்கு மலேசியத் திடல்களில் இடமுண்டு. வயதானவற்றுக்குச் சவாரிப் பள்ளிகளே கதி. 2011-இல் துபாய் கோல்டன் ஷாஹீன் பந்தயத்தை வென்ற சிங்கப்பூர்க் குதிரை ராக்கெட் மேன் போல இன்னொன்று இங்கிருந்து இனி எழாது. அந்த வருத்தம் எனக்குத் தீரவில்லை.

கிராஞ்சி நிலம் 2027 மார்ச்சுக்குள் அரசிடம் போகிறது. லாயங்களில் உழைத்த நம்மவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் நினைவுகளை இப்போதே எழுதி வையுங்கள்.